செய்தி வாக்கியமும் கட்டளை வாக்கியமும்: திரைமொழிச் சொற்களின் வரலாறு



சென்ற மாதம் செலண்டாரில் ஒரு மாணவனின் தாயார் என்னைச் சந்தித்தார். ஐந்தாம் ஆண்டில் பயிலும் அவருடைய மகன் வார இறுதிகளில் கணினி வகுப்புக்குச் செல்கிறான். கைப்பேசித் திரையில் பொத்தான், பெட்டி, படம் முதலியவற்றை அமைக்கும் கணினிமொழி ஒன்றை அங்கே கற்பிக்கிறார்கள். "ஐயா, அவன் எழுதிக் கொண்டுவருவது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கும் பாதிதான் விளங்குகிறது. தமிழ்ப்பள்ளியில் சேர்த்ததுதான் தவறோ என்று பயமாக இருக்கிறது" என்றார்.

அவர் கொண்டுவந்திருந்த குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதில் இருந்த முதன்மைச் சொற்கள் பத்துக்கு மேல் இல்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றை அச்சிறுவன் தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே கற்றிருந்தான். இரண்டும் ஒன்றே என்று அவனுக்கு எவரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவே. அவருக்கு அன்று கூறிய விளக்கத்தைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

இருவகை வாக்கியங்கள்

நம் மாணவர்கள் வாக்கிய வகைகளைத் தொடக்கப்பள்ளியிலேயே கற்கிறார்கள். ஒன்றை உள்ளவாறு கூறுவது செய்தி வாக்கியம். ஒன்றைச் செய்யுமாறு பணிப்பது கட்டளை வாக்கியம். ஆங்கில இலக்கணத்திலும் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கணினி அறிஞர்கள் நிரல்மொழிகளை வகைப்படுத்தியபோது அந்த இலக்கணப் பெயர்களையே எடுத்துக்கொண்டார்கள்.

"திரையின் நடுப்புள்ளியைக் கண்டுபிடி. இடப்புறம் ஐம்பது புள்ளி நகர். கோடு வரை. பச்சை வண்ணம் நிரப்பு" என்று படிப்படியாகப் பணித்தால் அது கட்டளை முறை. "திரையின் நடுவில் பச்சை நிறப் பொத்தான் ஒன்று உள்ளது" என்று கூறிவிட்டு, வரையும் பொறுப்பைக் கணினியிடமே விட்டுவிட்டால் அது செய்தி முறை. மாணவனின் குறிப்பேட்டில் இருந்தது இந்த இரண்டாம் வகை மொழி.

இம்முறைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் ஓர் ஆவணத்தில் எது தலைப்பு, எது பத்தி என்று குறித்துக்காட்டும் மொழியை உருவாக்கினர். கையெழுத்துப் படியில் திருத்துநர் அச்சுக் கோப்பவருக்காக ஓரத்தில் இடும் குறிகளை ஒத்திருந்ததால் அது குறியிடு மொழி எனப்பட்டது. அதன் வழித்தோன்றல் 1986இல் அனைத்துலகத் தரமாயிற்று. ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ அவ்வழியைப் பின்பற்றி எச்.டி.எம்.எல். மொழியை அமைத்தார். அதன் குறிகளை விளக்கும் அவருடைய ஆவணம் 1991இல் வெளிவந்தது. அதில் இருந்தவை ஏறத்தாழ இருபது குறிகளே. பின்னர் திரை அமைப்பதற்கென்றே மைக்ரோசாப்டின் சாமல் 2006இலும், நோக்கியாவின் வசமிருந்த க்யூட்டி குழுவினரின் கியூ.எம்.எல். 2010இலும், ஆப்பிளின் சுவிஃப்ட் யு.ஐ. 2019இலும் வெளிவந்தன. பெயர்கள் வேறு, அடிப்படை முறை ஒன்றே.

குறிப்பேட்டின் சொற்கள்

கியூ.எம்.எல். போன்றதொரு மொழியில் எழுதியதைத் தமிழாக்கினால் இவ்வாறு இருக்கும்:

பொத்தான்
நிறம்: பச்சை
அகலம்: தாயின் அகலத்தில் பாதி
எழுத்து: "தொடங்கு"

பொத்தான் என்பது ஓர் உறுப்பு. நிறமும் அகலமும் அதன் பண்புகள். பச்சை என்பது நிறம் என்னும் பண்பின் மதிப்பு. பண்புப்பெயரைக் கற்ற மாணவனுக்கு இதனைப் புரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும். பொத்தானைத் தன்னுள் கொண்டிருக்கும் பெட்டி தாய். பொத்தான் அதன் சேய். ஆங்கிலத்திலும் பெற்றோர், பிள்ளை என்னும் உறவுப் பெயர்களையே வழங்குகிறார்கள்.

"தாயின் அகலத்தில் பாதி" என்னும் வரியே இம்மொழியின் உயிர்நாடி. இதற்குப் பிணைப்பு என்று பெயர். கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் பெட்டி அகன்றுவிடும். உடனே பொத்தானும் தானாகவே அகலும். யாப்பிலக்கணம் பயின்ற ஆசிரியர்கள் இவ்விடத்தில் தளையை நினைத்துக்கொள்ளலாம். நின்ற சீரின் ஈற்றசைக்கும் வரும் சீரின் முதலசைக்கும் உள்ள தொடர்பே தளை. ஒரு சீரை மாற்றினால் அடுத்த சீரையும் புலவர் பார்த்து மாற்றியாக வேண்டும். கணினியிலோ அந்த மாற்றம் தானே நிகழ்ந்துவிடுகிறது.

எஞ்சிய சொற்களும் எளியவையே. ஓர் உறுப்பின் விளிம்பை மற்றோர் உறுப்பின் விளிம்போடு சேர்த்து நிறுத்துவது நங்கூரம். பொத்தானை அழுத்தியவுடன் அது வெளியிடுவது சமிக்ஞை. சாலைச் சந்திப்பில் சமிக்ஞை விளக்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இச்சொல் புதிதன்று. பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா, அழுத்தப்படாமல் இருக்கிறதா என்பது அதன் நிலை.

பொத்தானும் சாளரமும்

இச்சொற்களுள் மலாக்காவில் வாழும் நமக்குத் தனி உரிமை உள்ள ஒன்று பொத்தான். அது போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. 1498இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்களுடைய சொற்கள் கடலின் இரு கரைகளிலும் தங்கிவிட்டன. தமிழில் பொத்தான், மலாயில் பூத்தாங். தமிழில் சன்னல், மலாயில் ஜெண்டேலா. தமிழில் மேசை, மலாயில் மேஜா. தமிழில் அலமாரி, மலாயில் அல்மாரி. ஒவ்வோர் இணைக்கும் மூலம் ஒரே போர்த்துகீசியச் சொல். நங்கூரமும் பாரசீகத்திலிருந்து கப்பலோட்டிகள் வழியே வந்த சொல்லே.

கணினித் திரையின் சன்னலுக்கோ தமிழ் அறிஞர்கள் சாளரம் என்னும் சொல்லைத் தேர்ந்தனர். அது சிலப்பதிகாரத்திலேயே உள்ள பழஞ்சொல். ஆகவே, ஒரே திரையில் கடல்கடந்து வந்த பொத்தானும் காப்பியத்திலிருந்து வந்த சாளரமும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. புதிய பொருளுக்குப் பெயரிட நம்மவர் எவ்வழியையும் அடைத்து வைத்ததில்லை.

நம் தோட்டங்களும் இதற்குச் சான்று. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சாய் யான் 1896இல் இம்மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். அந்த மரத்தை முன்பின் பார்த்திராத தமிழ்த் தொழிலாளர்கள் அதற்குப் பால்மரம் என்று பெயரிட்டனர். கோப்பையிலும் பட்டையிலும் உறைந்து ஒட்டியதை ஒட்டுப்பால் என்றனர். அவர்களுக்குக் கலைச்சொல் குழு எதுவும் இல்லை. நாள்தோறும் கையாண்ட பொருளுக்குப் பெயர் தேவைப்பட்டது, வைத்தார்கள்.

சொல் வாழ்வதும் மறைவதும்

சொல்லை ஆக்குவது அரிதன்று. அதனை வாழவைப்பதே அரிது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, சொற்றொகுதிகளையும் வெளியிட்டார். அவருக்குப் பின் அக்கல்வி தமிழில் தொடரவில்லை. சொற்கள் நூல்களுக்குள் அடங்கிவிட்டன.

நம் நாட்டிலும் அதனை ஒத்த காலம் ஒன்று வந்தது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் அது படிப்படியாக விலக்கப்பட்டது. இளம் ஆசிரியனாக அக்காலத்தைக் கடந்தவன் நான். மீண்டும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியபோது பின்னம், வகுத்தல், ஒளிச்சேர்க்கை என்னும் சொற்கள் மாணவர்களுக்கு மட்டுமன்றி எனக்கும் உடனே நாவில் வரவில்லை. சில ஆண்டுகளே வழங்காதிருந்த சொற்கள்! 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் அறிமுகமானபோது தமிழ்ப்பள்ளிகளைக் குறித்து எழுந்த வாதங்களின் பின்னணியில் இந்த அனுபவமும் இருந்தது.

கணினித் தமிழைப் பொறுத்தவரை மலேசியர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. எழுத்தும் எழுத்துருவும் நமக்குக் கிடைத்துவிட்டன. கலைச்சொற்களும் ஏராளமாக உள்ளன. ஒரு கருவிக்கே தமிழகத்தில் கணிப்பொறி, கணினி என்றும், இலங்கையில் கணனி என்றும் பெயர்கள் வழங்குவதைக் கண்டு சிலர் குழப்பம் என்பர். வழக்கில் உள்ள சொல்லுக்குத்தான் வேறுபாடு தோன்றும். வழங்காத சொல்லுக்கு அந்தக் குழப்பமும் நேராது.

தாயாருக்குச் சொன்ன மறுமொழி

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். கணினிக்குள் எழுதும் சொற்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்; அவற்றையும் பிள்ளை பிழையின்றிக் கற்றாக வேண்டும். தமிழில் விளங்கிக்கொள்வது அதற்குத் தடையன்று. அதற்கு அதுவே படிக்கட்டு. பண்பு என்றால் என்னவென்று அறிந்த பிள்ளை, அதன் ஆங்கிலப் பெயரை ஒரு சொல்லாக மட்டும் கற்றால் போதும். அறியாத பிள்ளையோ சொல்லையும் பொருளையும் ஒருங்கே சுமக்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாக்கிய வகைகளைக் கற்பிக்கும் நாளில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, கரும்பலகையில் மேற்கண்ட பொத்தான் வரிகளை எழுதிக்காட்டுங்கள். "இது செய்தியா, கட்டளையா?" என்று கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் கணினிக் குறிப்பேட்டைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கணினி கற்றிருக்க வேண்டியதில்லை.

அந்தத் தாயார் அன்று என் முன்னிலையிலேயே மகனிடம் அவ்வாறு கேட்டார். அவன் சற்றுத் தயங்கினான். பிறகு, "அம்மா, பெட்டிதான் தாய். பொத்தான் பிள்ளை. தாய் பெரிதானால் பிள்ளையும் பெரிதாகும்" என்றான். குறிப்பேட்டில் பாதிதான் விளங்கியிருந்த பாடம் அவனுக்கு அப்போது முழுமையாக விளங்கியிருந்தது. தாயாருக்கும்தான்.

அன்புடன்,
உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியன்