மனைக்கோடுகளின் ஆயுள்: போலந்து நகரங்களில் இடைக்கால நகரமைப்பின் எச்சங்கள்

போலந்தின் பழைய நகரங்களில் இடைக்காலத்தைத் தேடிப் போகிறவர்களின் கண் பெரும்பாலும் கோபுரங்களிலும் மதில்களிலும்தான் நிற்கிறது. அவற்றில் பலவும் எரிந்து, இடிந்து, மறுபடி எழுப்பப்பட்டவை. இன்று நாம் பார்ப்பது எந்த நூற்றாண்டின் செங்கல் என்பதே பல இடங்களில் வழக்குக்குரியது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் தரையில் அளந்து போட்ட தெருக்கோடும் மனைக்கோடும் அவ்வளவு எளிதில் அழியவில்லை. நகர வடிவத்தைத் தெரு, மனை, கட்டடம் என மூன்று அடுக்குகளாகப் பிரித்து ஆராய்ந்த புவியியலாளர் எம். ஆர். ஜி. கான்சன், 1960இல் இங்கிலாந்தின் ஆல்ன்விக் பற்றிய தம் நூலில் இந்த வேறுபாட்டை விளக்கினார்: கட்டடம் விரைவில் மாறும், மனை மெல்ல மாறும், தெரு மாறுவதே அரிது. போலந்து நகரங்கள் இக்கருத்துக்குக் கடுமையான சோதனைக்களம். காரணம், அவற்றுள் சில 1945இல் ஏறக்குறைய தரைமட்டமாகிவிட்டிருந்தன.

இந்தக் கோடுகளைப் போட்டது சட்டம். ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் உருவான நகரச் சட்டம் கிழக்கு நோக்கிப் பரவியபோது, அரசர்களும் பிரபுக்களும் பட்டயம் கொடுத்து நகரங்களை முறைப்படி நிறுவினார்கள். குடியேற்றத்தை ஏற்பாடு செய்ய ஒப்பந்தக்காரர்கள் இருந்தார்கள். ஆட்களைத் திரட்டுவது, நிலத்தை அளந்து மனை பிரிப்பது, வாடகை வசூலிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1241இல் மங்கோலியப் படையெடுப்பு நகரங்களை அழித்ததால்தான் இப்புதிய அமைப்பு வந்தது என்று பாடநூல்கள் சொல்லிப் பழகியிருக்கின்றன. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. சிலேசியாவில் ஸ்வோதோரியா 1211இலேயே பட்டயம் பெற்றுவிட்டது. வடக்கே ஹெல்ம்னோவும் தோரூனும் 1233இல் பெற்றன. படையெடுப்பு வேகத்தைக் கூட்டியிருக்கலாம். பணமாக வந்துசேரும் நிலையான வாடகைமீது ஆட்சியாளர்களுக்கு ஏற்பட்ட ஆசைதான் மூலகாரணம் என்று கொள்வதே பொருத்தம்.

கிராக்கோவின் பட்டயம் 1257 ஜூன் 5 தேதியிட்டது. இளவரசர் போலெஸ்வாவ் வழங்கிய அந்த ஆவணம் மூன்று ஒப்பந்தக்காரர்களை நகரத் தலைவர்களாக அமர்த்தியது. குடியேறுவோருக்கு ஆறு ஆண்டுகள் வரிவிலக்கு. சந்தையில் துணிக் கடைகளைக் கட்டித்தருவதாக இளவரசரே உறுதி கூறினார். அதே பட்டயத்தில் உறுத்தலான ஒரு விதியும் இருக்கிறது: இளவரசரையோ திருச்சபையையோ சார்ந்த குடியானவர்களை மட்டுமல்ல, அதுவரை நாட்டுப்புறத்தில் வாழ்ந்த சுதந்திரமான போலந்துக்காரரையும் நகரக் குடிமகனாகச் சேர்க்கக் கூடாது. இதை இனப்பகையாகப் படிப்பவர்கள் உண்டு. தம் பண்ணைகளில் உழ ஆளில்லாமல் போய்விடுமோ என்ற நிலவுடைமையாளரின் கணக்காகவே எனக்கு இது படுகிறது.

கிராக்கோவில் அடிப்படை மனையின் அளவு 36 முழ அகலம், 72 முழ ஆழம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அவ்வூர் முழம் ஏறத்தாழ 58.6 சென்டிமீட்டர், ஆகவே மனை சுமார் 21 மீட்டருக்கு 42 மீட்டர். நான்கு மனைகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு முதுகு காட்டி இன்னும் நான்கை வைத்தால் பக்கத்துக்கு 84 மீட்டர் கொண்ட சதுரத் தொகுதி கிடைக்கும். சந்தைச் சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் இப்படி இரண்டு தொகுதிகள், நடுவிலும் ஓரங்களிலும் தெருக்கள். சதுக்கம் பக்கத்துக்கு 200 மீட்டர் அளவில் அமைந்த கணக்கு இதுதான். வடக்குப் பக்கத்திலிருந்து இன்றும் ஸ்வாவ்கோவ்ஸ்கா, யானா, ஃப்ளோரியன்ஸ்கா என்று மூன்று தெருக்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. சுற்றுலாப் பயணி கையில் வைத்திருக்கும் வரைபடம் 13ஆம் நூற்றாண்டு அளவையாளர் போட்ட வரைபடம்தான்.

கணக்குப் பிசகும் இடங்கள் இன்னும் அதிகம் சொல்கின்றன. சதுக்கத்தின் தென்கிழக்கு மூலையில் கிரோட்ஸ்கா தெரு, கட்டத்துக்குக் கட்டுப்படாமல் சரிவாகப் பிரிந்து வாவெல் கோட்டையை நோக்கிப் போகிறது. கோட்டை அடிவாரத்தில் முன்பே இருந்த ஓகூல் குடியிருப்புக்கான பழைய வழி அது. அளவையாளரால் அதை நகர்த்த முடியவில்லை. கிழக்குப் பக்கத்தில் புனித மரியா தேவாலயம் சதுக்கத்தை நேராகப் பார்க்காமல் கோணலாக நிற்கிறது. 1220களிலேயே அங்கே தேவாலயம் எழுப்பப்பட்டுவிட்டது. கட்டம் பிறகு வந்தது. சதுக்கத்துக்குள்ளேயே தனியாக நிற்கும் சிறிய புனித வோய்சியெக் ஆலயம் அதற்கும் மூத்தது. அதன் ரோமனெஸ்க் காலத் தரை, இன்றைய தளத்துக்கு இரண்டு மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் குப்பையும் தளக்கல்லும் சேர்ந்து நிலமட்டம் உயர்ந்ததால், சதுக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் பழைய தரைத்தளங்கள் நிலவறைகளாகிவிட்டன. இன்று படியிறங்கிப் போய்ச் சாப்பிடும் உணவகங்கள் பல, 14ஆம் நூற்றாண்டில் தெருமட்டத்தில் இருந்த அறைகள்.

21 மீட்டர் அகல மனையை ஒரே குடும்பம் நீண்டகாலம் வைத்திருக்க முடியவில்லை. பாகப்பிரிவினையிலும் விற்பனையிலும் அது இரண்டாக, மூன்றாகப் பிளந்தது. தெருமுகப்புக்குத்தான் விலை என்பதால் வெட்டு எப்போதும் நீளவாக்கில்தான் விழுந்தது. பின்னாளில் செல்வர்கள் அண்டை மனைகளை வாங்கிச் சேர்த்து மாளிகை எழுப்பினார்கள். இன்று ஒரு முகப்பு ஏழு மீட்டரும் பக்கத்து முகப்பு பத்தரை மீட்டரும் இருந்தால், மூல மனையின் மூன்றில் ஒன்றும் பாதியும் அருகருகே நிற்பதாக நினைக்க இடமுண்டு. முகப்பின் சாந்துப்பூச்சு பரோக் காலத்தது என்றாலும், சுவர் நிற்கும் கோடு பழையதாக இருக்கலாம்.

சந்தைக்குள் கடைகளும் இப்படியே இறுகின. போஸ்னான் 1253இல் பட்டயம் பெற்ற நகரம். அதன் நகரமன்றத்தின் அருகே, தோள்மேல் தோள் சாய்த்தாற்போல ஒடுங்கிய சிறு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மீனும் உப்பும் மெழுகுவர்த்தியும் விற்ற கடைகள் இருந்த இடம் அது. 16ஆம் நூற்றாண்டில் கடைகள் கட்டட வீடுகளாயின. போரில் சேதமுற்று மறுபடி கட்டப்பட்டன. அகலம் மட்டும் கடையின் அகலமாகவே நின்றது. விரோத்ஸ்வாஃபில் சந்தைச் சதுக்கத்தின் நடுவே ஒரு கட்டடத் தொகுதியே வளர்ந்திருக்கிறது. அதை ஊடறுக்கும் குறுகிய சந்துகளுக்கு இரும்பு வணிகர், துணி வணிகர், குயவர் பெயர்கள் இன்றும் உண்டு. கிராக்கோவின் துணி மண்டபமும் தொடக்கத்தில் இரண்டு வரிசைக் கற்கடைகள்தான்; நடுவே திறந்த சந்து, இரவில் இரு முனையிலும் கம்பிக் கதவு. மண்டபத்துக்குள் இன்று நினைவுப்பொருள் வாங்கிக்கொண்டு நடப்பவர்கள் அந்தச் சந்தில்தான் நடக்கிறார்கள்.

சதுக்கமே மறைந்த ஊரும் உண்டு. மன்னர் காசிமிர் 1335இல் கிராக்கோவுக்குத் தெற்கே கஸீமியெஷ் என்ற தனி நகரை நிறுவினார். அதன் சந்தைச் சதுக்கம் ஏறத்தாழ 195 மீட்டர் சதுரம், கிராக்கோவுக்குப் போட்டியாகவே போட்டது. 19ஆம் நூற்றாண்டில் அதன் பெரும்பகுதியில் வீடுகள் எழுந்துவிட்டன. வொல்னிச்சா சதுக்கம் என்று இன்று இருப்பது ஒரு துண்டு. மறைந்த பகுதியின் எல்லையைச் சுற்றுத் தெருக்களை வைத்தே தடம் பிடிக்கலாம்.

கடுமையான சோதனை 1945க்குப் பிறகு வந்தது. வார்சாவின் பழைய நகரத்தைத் திரும்பக் கட்டியவர்கள் பெல்லோத்தோவின் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும், போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் எடுத்திருந்த அளவு வரைபடங்களையும் துணைக்கொண்டார்கள். முகப்புகள் மீண்டன. ஆனால் வீடுகளின் பின்கட்டுகளைப் பெரும்பாலும் திரும்பக் கட்டவில்லை. நெருக்கடியான மனைகளின் உட்புறம் வெளிச்சமும் காற்றும் வரும் பொது முற்றமானது. குடியிருப்பவர்களுக்கு அது நல்லதே. இடைக்கால மனை மட்டும் ஆழத்தை இழந்து வெறும் முகமாகிவிட்டது. யுனெஸ்கோ 1980இல் இந்நகரை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது, மறுகட்டுமானத்தின் அருமைக்காக.

எல்பிளாங் எதிர்வழியில் போனது. இடிபாட்டுச் செங்கல்களை வேறு நகரங்களுக்கு அனுப்பிவிட்டார்கள்; பழைய நகரம் நீண்டகாலம் புல்வெளியாகக் கிடந்தது. 1980இல் தொடங்கிய அகழாய்வு, மண்ணுக்கடியில் மனைச் சுவர்களின் அடித்தளங்களை வரிசை குலையாமல் வெளிக்கொண்டு வந்தது. அந்தக் கோடுகள்மேல் வீடுகளைக் கட்டினார்கள். முகப்பை மட்டும் அந்தந்தக் கட்டடக் கலைஞரின் விருப்பத்துக்கு விட்டார்கள். 1980களின் கோணல் முக்கோணங்களையும் கண்ணாடியையும் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அதிகம். எனக்கும் அழகாகத் தோன்றவில்லை. இருந்தாலும் தெரு எவ்வளவு அகலம், வீடு எவ்வளவு ஒடுக்கம், மனை எவ்வளவு ஆழம் என்று கேட்டால், வார்சாவைவிட எல்பிளாங்தான் 13ஆம் நூற்றாண்டுக்கு நெருக்கம்.

சிறு நகரங்களில் இந்த வாதம் இப்போது வேறொரு உருவம் எடுத்திருக்கிறது. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பல சந்தைச் சதுக்கங்களில் மரம் நட்டுப் பூங்காவாக்கினார்கள். அண்மைக்காலச் சீரமைப்பில் அம்மரங்களை வெட்டிக் கற்பலகை பாவினார்கள். இடைக்காலச் சந்தையில் மரம் ஏது என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இந்தப் போக்குக்கு மக்கள் ‘பெத்தோனோசா’, அதாவது காங்கிரீட் நோய், என்று பெயர் வைத்தார்கள். அதே தலைப்பில் யான் மென்ஸ்வெல் 2020இல் ஒரு நூலும் எழுதினார். வரலாற்றுச் சான்று இங்கே வெட்டியவர்கள் பக்கம் இல்லை. இடைக்காலச் சதுக்கத்தில் மரங்கள் இல்லாதிருந்திருக்கலாம். ஆனால் அது வெறும் பாறைவெளியாகவும் கிடக்கவில்லை. கடைகள், எடைமேடை, வண்டிகள், மாடுகள் என நெருக்கமாக இருந்த இடம் அது. அளவையாளர் வகுத்தது சதுக்கத்தின் விளிம்பைத்தான். விளிம்பில் இருக்கும் வீடுகளின் வரிசை கலையாதவரை, நடுவில் நிற்கும் லிண்டன் மரத்தால் அந்தக் கோட்டுக்கு எந்தக் கேடும் இல்லை.