தேரிக்காடு: தூத்துக்குடியின் செம்மணல் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கலாமா? குழுவாகக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தூத்துக்குடி என்றதும் துறைமுகம், உப்பளம், முத்து, மக்ரூன் என்று ஒரு பட்டியல் நினைவுக்கு வரும். அந்தப் பட்டியலில் பலரும் சேர்க்காத ஓர் இடம் அதே மாவட்டத்தில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை செக்கச்செவேல் என்று மணல்மேடுகள். நடுநடுவே பனை, உடைமரம், முந்திரி. அதுதான் தேரிக்காடு.

சினிமா பாட்டிலும் ரீல்ஸிலும் பார்த்துவிட்டு, 'நம்ம ஊர் ஆஸ்திரேலியா' என்று வேன் பிடித்துக் கிளம்புகிறவர்கள் உண்டு. ராத்திரி கூடாரம், நடுவில் நெருப்பு, மேலே நட்சத்திரம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித் தங்க முடியுமா? பகல் வெயிலில் அந்த மணலில் நடப்பது பாதுகாப்பானதா?

தேரிக்காடு எங்கே இருக்கிறது?

தேரி என்றால் மணல்மேடு. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக் கடலோரப் பகுதிகளில் பல தேரிகள் இருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்றது திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையில் உள்ள குதிரைமொழித் தேரி. சுமார் 12 ஆயிரம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்வார்கள். காயாமொழி, தேரிக்குடியிருப்பு, மேலப்புதுக்குடி ஆகிய ஊர்கள் இதை ஒட்டி இருக்கின்றன. இஸ்ரோவின் புதிய ஏவுதளம் அமையும் குலசேகரன்பட்டினமும் இந்தப் பக்கம்தான்.

இது உண்மையிலேயே பாலைவனமா?

இல்லை. ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெய்யும் இடத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு சராசரி 600 மி.மீ.க்கு மேல். 2023 டிசம்பரில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டிய காயல்பட்டினம், இந்தத் தேரிக்குப் பக்கத்து ஊர்தான்.

அப்படியென்றால் அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது? மணல் உறிஞ்சிக்கொள்கிறது. மேலே காய்ந்து கிடந்தாலும், தேரி ஒரு பெரிய பஞ்சு மாதிரி மழையை உள்ளே இறக்கி நிலத்தடியில் சேர்த்து வைக்கிறது. தேரிக்குள் சுனை இருப்பதும், பள்ளமான இடங்களில் மழைக்காலத்தில் நீர் தேங்கி 'தருவை' ஆவதும் இதனால்தான். புத்தன்தருவை என்று ஊருக்கே பெயர் இருக்கிறது. கடல் பக்கத்திலேயே இருக்கும் ஊர்களுக்கு நல்ல தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

மணல் ஏன் இவ்வளவு சிவப்பு?

ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் துரு. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி மணல் சிவப்பாக இருப்பதற்கும் இதே காரணம்தான்.

மணல் இங்கே வந்து சேர்ந்ததில் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்கள் வழியாகப் புகுந்து, உள்நாட்டுச் செம்மண்ணை அள்ளிவந்து குவித்தது என்பது ஒரு விளக்கம். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் வெளியே தெரிந்த கடல்மணலைக் காற்று மேடாக்கியது என்பது இன்னொன்று. மணல் கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று அளக்கும் முறையில் ஆராய்ந்தவர்கள், இந்த மேடுகளுக்குப் பல ஆயிரம் ஆண்டு வயது சொல்கிறார்கள்.

மனிதர்களும் அப்போதே வந்துவிட்டார்கள். சாயர்புரம் உள்ளிட்ட தேரிப் பகுதிகளில் நுண்கற்காலக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. எஃப்.இ. சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் இருவரும் 1956-ல் இவற்றைப் பற்றி எழுதிய ஆய்வு, தொல்லியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் ஒன்று.

இங்கே குழுவாக யார் போகிறார்கள்?

சுற்றுலா என்ற பேச்சு வருவதற்கு முன்பிருந்தே இங்கே கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள், குலதெய்வம் கும்பிடும் குடும்பங்கள்தான். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தன்று வெளியூர்களில் இருந்தெல்லாம் வேன் வேனாக வருவார்கள். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகை மாதக் கடைசியில் நடக்கும் 'கள்ளர் வெட்டு' ரொம்பப் பிரபலம். அன்று தேரியில் இளநீர் வெட்டப்படும். அந்த நீர் சிந்திய செம்மணலைப் பக்தர்கள் பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

இன்னொரு கூட்டம் பனைத் தொழிலாளர்கள். பதநீர் சீசனில் பனங்காட்டிலேயே ஓலைக் குடிசை போட்டுக் கருப்பட்டி காய்ச்சுவார்கள். அந்தக் குடிசைக்கு 'விடிலி' என்று பெயர். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இந்த வட்டாரத்து உழைப்புதான்.

ஆக, நமக்கு வெறும் மணலாகத் தெரிகிற இடம், ஒருத்தருக்குச் சாமி, இன்னொருத்தருக்குச் சோறு.

அப்போ கூடாரம் போடலாமா?

குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி, காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். கூடாரம், நெருப்பு, சமையல் எல்லாம் அதற்கு அடுத்த கதை.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்குப் பிறகுதான் வனப்பகுதிக்குள் குழுக்களை அழைத்துச் செல்வதற்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அதனால் 'எல்லாம் நாங்க பாத்துக்குறோம்' என்று யாராவது பணம் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி.

ஜீப்பையும் பைக்கையும் மேட்டில் ஏற்றி இறக்குவது இன்னொரு பிரச்சினை. ஒரு காலத்தில் காற்றோடு நகர்ந்துகொண்டே இருந்த மணலைப் பனை, முந்திரி நட்டுத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். செடி போனால் மணல் மறுபடி நகரும். பக்கத்தில் இருப்பது வயலும் வீடும்.

வெளிநாட்டில் மட்டும் எப்படி விடுகிறார்கள்?

அங்கேயும் இஷ்டத்துக்கு விடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் உலூரு செம்பாறைக்கு வழிகாட்டியோடு குழுவாகப் போய்க் கூடாரத்தில் தங்குவது உலகப் பிரசித்தம். ஆனால் அந்தத் தேசியப் பூங்காவுக்குள் யாரும் தங்க முடியாது. கூடாரமெல்லாம் எல்லைக்கு வெளியே யூலாரா என்ற ஊரில்தான். அங்குள்ள ஒரு நீண்ட நடைபாதையை, வெப்பம் 36 டிகிரியைத் தொடும் என்று கணிப்பு வந்தாலே, காலை 11 மணிக்கு மேல் மூடிவிடுவார்கள். தங்களுக்குப் புனிதமான பாறை என்று அனங்கு பழங்குடி மக்கள் சொன்னதால், 2019 அக்டோபர் 26 முதல் உலூரு மேல் ஏறுவதற்கும் தடை.

இடத்தைப் பார், ஆனால் வெளியே தங்கு. உச்சி வெயிலில் நடக்காதே. அங்குள்ளவர்களின் சாமியை மதி. இந்த மூன்றும் தேரிக்கும் அப்படியே பொருந்தும்.

போவதாக இருந்தால் எப்படிப் போவது?

- தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கி.மீ. தங்குவதற்கு விடுதிகள் அங்கேயே உண்டு. அங்கிருந்து காயாமொழி வழியாகத் தேரிப் பக்கம் போகலாம்.
- கோயில்களுக்குப் போகும் பாதையை விட்டு உள்ளே போகவேண்டும் என்றால், முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.
- டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பரவாயில்லை. சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. ஆனி, ஆடியில் காற்று மணலை முகத்தில் அறையும்.
- காலை 9 மணிக்குள் நடந்து முடித்துவிடுங்கள். இல்லையென்றால் மாலை 4 மணிக்கு மேல் போய், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.
- உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருப்பது அவசியம். எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும். வந்த கால்தடத்தைக் காற்று அழித்துவிடும்.
- கணுக்கால் மூடும் ஷூ போடுங்கள். சுருட்டை விரியன் போன்ற பாம்புகள் வாழும் நிலம் இது.
- ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டராவது தண்ணீர், கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் வேண்டும். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

வெயில் தாக்கினால், வழி தவறினால்?

மணலின் சூடு காற்றின் சூட்டைவிடப் பல டிகிரி அதிகம். தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழல், தண்ணீர், ஓய்வு. உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, ஆள் குழம்புகிறார் என்றால் அது வெப்பவாதம். உடம்பை ஈரத் துணியால் துடைத்து, விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வழி தவறினால் வெயிலில் சுற்றிச்சுற்றி நடக்காதீர்கள். பக்கத்து மரநிழலில் உட்கார்ந்து, இருக்கும் இடத்தை போனில் அனுப்புங்கள். சிக்னல் கிடைக்கவில்லையென்றால் அங்கேயே இருந்து குரல் கொடுங்கள். கிளம்பும் முன்பே, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவைத்திருந்தால், தேடி வர ஆள் இருக்கும்.

மாலை வெயில் சாயும்போது அந்தச் சிவப்பு இன்னும் அடர்த்தியாகத் தெரியும். அதைப் பார்க்கத்தான் போகவேண்டும். பார்த்துவிட்டு ராத்திரிக்குத் திருச்செந்தூருக்குத் திரும்பிவிடுங்கள்.