நரம்பும் தந்தியும்

ஆண்டிபட்டிக்கு அருகே வைகையின் குறுக்கே எழுந்து நிற்கும் அணையை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். 1959ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறந்து வைக்கப்பெற்ற அணை அது. அதன் உயரம் 111 அடி. நீரைத் தேக்கும் அளவு 71 அடி. நாள்தோறும் அதன் நீர்மட்டம் அளக்கப்படுகிறது. அளந்தது ஏட்டில் பதியப்படுகிறது. இன்னும் நூறாண்டு கழித்து ஒருவர் கேட்டாலும், இன்ன நாளில் இத்தனை அடி நீர் நின்றது என்று அந்த ஏடு விடை கூறும்.

இதே வைகையைப் பற்றிய எட்டுப் பாடல்கள் பரிபாடலில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்நூலின் பாடல்கள் பலவற்றின் கீழே பாடிய புலவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் குறிக்கப்பெற்றுள்ளன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்பன அப்பண்கள். சொல் கிடைத்தது, பண்ணின் பெயரும் கிடைத்தது. ஆனால், அந்தப் பண்ணை ஒலித்த நரம்பு எங்கே? அதன் பருமன் எவ்வளவு, அதை எவ்வளவு இறுக்கிக் கட்டினர் என்பதை ஆற்று நீரை அளப்பது போல் அளந்து எவரும் எழுதி வைக்கவில்லை. கல் நிற்கும்; செம்பு நிற்கும்; நரம்போ மண்ணோடு மண்ணாகிவிடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இசைக் கருவிகளுக்கு நரம்பையும் தந்தியையும் தேர்ந்தெடுத்து மாற்றிவந்த வரலாறு. சிறு பொருள்தானே என்று எண்ணவேண்டா. நரம்பு மாறிய போதெல்லாம் இசையும் மாறியிருக்கிறது.

நரம்பு என்ற சொல்லே அதன் பிறப்பைக் காட்டுகிறது. விலங்கின் நரம்பையோ குடலையோ பதப்படுத்தி, இழைத்து, முறுக்கிச் செய்த கயிறு அது. அத்தகைய நரம்பைச் சோதிக்கும் முறை நம் முன்னோரிடம் இருந்தது. திருத்தக்க தேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகம் என்றொரு பகுதி உண்டு. யாழ்ப்போட்டிக்கு வந்த சீவகன் முன்னே யாழ்கள் ஒவ்வொன்றாக வைக்கப்படுகின்றன. அவன் உடனே வாசிக்கத் தொடங்கவில்லை; ஆராய்கிறான். இம்மரம் நீரில் நின்றது, இது நெருப்பில் வெந்தது, இது இடி வீழ்ந்தது என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். நரம்பின் முறுக்கைப் பிரித்து, உள்ளே கிடந்த மயிரை எடுத்துக் காட்டுகிறான். பழைய உரைகாரர் நரம்பின் குற்றங்களை நான்காக வகுத்தனர்: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. அளவு கடந்த முறுக்கும், இடையே சிக்கிய மயிரும், நார்ப் பிசிறும், முறுக்கு ஏறித் திருகிய இடமும் குற்றமாம்.

இந்த நான்கையும் சற்றே எண்ணிப் பாருங்கள். நான்கிற்கும் அடிப்படை ஒன்றே. நரம்பு தலை முதல் கடை வரை ஒரே பருமனும் ஒரே எடையும் உடையதாய் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் எடை கூடி ஓரிடத்தில் குறைந்தால், அந்நரம்பின் துணையொலிகள் அடிப்படை ஒலியோடு இசைந்து வாரா. செவிக்கு அது கோணலாகக் கேட்கும். எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் சேராது. இன்றைய இயற்பியல் இதைக் கணக்கினால் காட்டுகிறது. அன்றைய பாணர் விரலினால் அறிந்தனர். இன்றும் நான் கண்ட முதிய வைணிகர் சிலர், புதுத் தந்தியை வீணையில் ஏற்றுவதற்கு முன் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே முழு நீளமும் இழுத்துப் பார்ப்பதுண்டு. பொருள் மாறியது, சோதனை மாறவில்லை.

நரம்பின் சுருதியை ஆளும் விதிகளை 1636ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் ஒழுங்காக எழுதி வெளியிட்டார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். இழுவிசையை நான்கு மடங்காக்கினாலும் ஒரு ஸ்தாயி உயரும். ஒரே பொருளாலாகிய நரம்பின் பருமனைப் பாதியாக்கினாலும் ஒரு ஸ்தாயி உயரும். நீளம், இழுவிசை, எடை ஆகிய இம்மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்வதே நரம்பைத் தேர்ந்தெடுத்தல் என்பது.

இனி, நரம்பு தந்தியாக மாறிய கதைக்கு வருவோம். எஃகு, குடல் நரம்பைக் காட்டிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு அடர்த்தியானது. ஆகவே ஒரே நீளம், ஒரே இழுவிசை, ஒரே சுருதி வேண்டுமானால், குடல் நரம்பு எஃகுத் தந்தியைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு பருமனாய் இருத்தல் வேண்டும். பருமன் மிகுந்தால் நாதம் விரைவில் அடங்கும். மழைக்காலத்து ஈரத்தில் குடல் நரம்பு ஊறிச் சுருதி கலையும். மெல்லிய எஃகுத் தந்தியோ நெடுநேரம் ஒலிக்கும். தஞ்சையில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரகுநாத நாயக்கரின் காலத்தோடு 24 மெட்டுகள் கொண்ட வீணை இணைத்துச் சொல்லப்படுகிறது. அவ்வீணையில் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று வாசிக்கும் தந்திகள் நான்கு. பக்கத்தில் தாளத்துக்குரியன மூன்று. மேல்சுருதித் தந்திகள் எஃகு. கீழ்ச்சுருதித் தந்திகள் பித்தளையாக இருந்து, பின்னர் உலோகச் சுற்றுடையனவாக மாறின.

சுற்றுத் தந்தி என்பது அரிய கண்டுபிடிப்பு. கீழ்ச்சுருதிக்கு எடை வேண்டும். எடைக்காகத் தந்தியைத் தடிக்கச் செய்தால் அது கோல்போல் விறைத்துவிடும். எனவே, மெல்லிய நடுவிழையின்மேல் மற்றொரு கம்பியைச் சுற்றி, விறைப்பின்றி எடையை மட்டும் கூட்டினர். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே குடல் நரம்பின்மேல் உலோகம் சுற்றும் வழக்கம் தோன்றிவிட்டது.

தந்தியின் குணத்தை மிகக் கடுமையாகச் சோதிக்கும் கருவிகள் எவை? மெட்டுகளின்றி, தந்தியின்மேல் ஒரு கட்டையை வழுக்கி வாசிக்கும் கருவிகளே. மீட்டிய நாதம் நெடுநேரம் நில்லாவிட்டால் வழுக்குவதற்கு அங்கே ஒன்றும் இராது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம், ஒற்றைத் தந்தியுடைய ஏகதந்திரி வீணையை இவ்வகையிலேயே விவரிக்கிறது. நம் நாட்டில் இக்கலை கோட்டுவாத்தியமாக மலர்ந்தது. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதனைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார். செம்மங்குடி சீனிவாசையர் தம் இளமையில் அவரிடம் பயின்றவர். சகாராம ராவின் மாணவர் நாராயண ஐயங்கார் அக்கருவியை வளர்த்தார். அவருடைய பேரர் ரவிகிரண் காலத்தில் சித்திரவீணை என்ற பெயர் பரவியது. அக்கருவியில் இன்று தந்திகள் 21. வாசிக்க ஆறு, தாளத்துக்கு மூன்று, தாமே உடன் அதிரும் அனுதந்திகள் பன்னிரண்டு. பேரியாழுக்கும் நரம்பு 21 என்று உரைகாரர் கூறுவர். எண் ஒத்ததனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. பேரியாழ் ஒரு நரம்புக்கு ஓர் ஒலி தரும் கருவி. இதுவோ ஒரு தந்தியில் எல்லா ஒலியும் காட்டும் கருவி.

கோட்டுவாத்தியம் காவிரிக் கரையில் புத்துயிர் பெற்ற அதே காலத்தில், பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவிலும் இதுபோன்ற ஒன்று நிகழ்ந்தது. ஜோசப் கெகுகு என்னும் இளைஞர் 1889ஆம் ஆண்டளவில் கிதாரின் தந்திகள்மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையை வகுத்தார் என்பர். அவர் செய்த மாற்றங்களில் முதன்மையானது, குடல் நரம்புகளைக் களைந்து எஃகுத் தந்திகளை ஏற்றியதே. அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே, இந்தியாவிலிருந்து சென்ற கேப்ரியல் டேவியன் என்பவர் அங்கே அவ்வாறு வாசித்தார் என்றொரு செய்தியும் வழங்குகிறது. ஹவாய்க் கிதார் பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. பிரிஜ் பூஷண் காப்ரா, விசுவமோகன் பட் போன்றோர் அதில் இந்துஸ்தானி இராகங்களை இசைத்தனர்.

அமெரிக்காவில் அதே கருவி மின்சாரம் பெற்று, 1940க்குப் பின் மிதிகட்டைகளும் பெற்றுப் பெடல் ஸ்டீல் கிதார் ஆயிற்று. காலால் மிதித்தால் குறிப்பிட்ட தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும். 1953ஆம் ஆண்டு பட் ஐசக்ஸ் என்பவர் ஓர் இசைத்தட்டில், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியையே மிதித்து ஏற்றிக் காட்டினார். அதன்பின் அந்த நாட்டுப்புற இசையின் குரலே மாறிற்று. இக்கருவியில் பெரும்பாலும் பத்துத் தந்திகள். மிக மெல்லியது மூன்றாம் தந்தி. அதன் பருமன் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். அடிக்கடி அறுவதும் அதுவே.

ஏன் அறுகிறது? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தந்தியை அரைச் சுரம் ஏற்ற வேண்டுமானால் இழுவிசையை நூற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டும். முழுச் சுரம் ஏற்றினால் நூற்றுக்கு இருபத்தாறு. ஒரு பாட்டில் எத்தனையோ முறை அத்தந்தி இவ்வாறு இழுபட்டுத் தளர்கிறது. அப்படியானால் சற்றுத் தடித்த தந்தியை மாட்டினால் அறாதல்லவா என்று நீங்கள் கேட்கலாம். இயல்பான கேள்விதான்; ஆனால் விடை வேறு. தடித்த தந்தி மிகுந்த விசையைத் தாங்கும். அதே சுருதிக்கு ஏற அதற்கு மிகுந்த விசையும் வேண்டும். இரண்டும் ஒரே விகிதத்தில் வளர்கின்றன. ஆகவே தந்தி எந்தச் சுருதியில் அறும் என்பதைத் தீர்மானிப்பது அதன் நீளமும் உலோகத்தின் வலிமையும் அடர்த்தியுமே, பருமன் அன்று. பருமனைக் கொண்டு நாம் தேர்ந்தெடுப்பது நாதத்தையும் விரலுக்குரிய இறுக்கத்தையும். வீணைத் தந்தி அடிக்கடி அறுந்தால், தடித்த தந்தியைத் தேடி ஓடுவதற்கு முன், சுருதியை அரைக்கட்டை குறைத்துப் பாருங்கள். குதிரையின் விளிம்பில் கூர்மை உண்டா, தந்தியில் துரு உண்டா என்று பாருங்கள்.

இதே கருவியின் ஆறாம் தந்தியில் நெடுநாளாக இருவகை வழக்கு உண்டு. சிலர் சுற்றில்லாத தந்தியை மாட்டுவர். சிலர் சுற்றுத் தந்தியை மாட்டுவர். சுற்றின் பள்ளங்களில் எஃகுத் துண்டு உரசுவதால் எழும் சீற்றொலி ஒருபுறம். தடித்த வெறும் தந்தியின் விறைப்பு மறுபுறம். மிதிக்கும் அளவும் தந்திக்குத் தந்தி வேறுபடுவதால், ஒருவகைக்கென அமைத்த கருவியில் மற்றொன்றை ஏற்றினால் எல்லாவற்றையும் மீண்டும் சரிசெய்ய வேண்டியிருக்கும். முடிவு செய்வது வாசிப்பவரின் செவி.

தந்தியை எப்போது மாற்றுவது? அறும் வரை காத்திருப்பது சிக்கனம்போலத் தோன்றும். ஆனால் நாதம் அதற்கு முன்பே செத்துவிடும். வியர்வையால் கறுத்த இடம், மெட்டின்மேல் தேய்ந்து தட்டையான இடம், நடுப்புள்ளியில் தொட்டால் மேல்ஸ்தாயி சரியாக ஒலியாமை ஆகிய இவை அடையாளங்கள். தேய்ந்த தந்தி சீரான பருமனை இழந்துவிட்டது. சீவகன் கண்ட குற்றம் புதுவடிவில் வந்துவிட்டது. மாற்றும்போது எல்லாத் தந்திகளையும் ஒருசேரக் கழற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினால் குதிரையின்மேல் உள்ள அழுத்தம் நிலைகுலையாது. புதுத் தந்தியை மடிப்பு விழாமல் பிரித்து, பிரடையில் ஒழுங்காகச் சுற்றி, மெல்ல மெல்ல ஏற்றி, மெதுவாய் இழுத்துவிட்டு மீண்டும் சுருதி சேர்த்தல் வேண்டும்.

இவ்வளவையும் நான் விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஈழத்துக் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் யாழின் இயல்பை மீட்டறிய ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அவர் இயற்றிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். அத்துணைப் பேரறிஞர் தம் கணிதப் புலமையையும் இலக்கியப் புலமையையும் ஒருங்கே செலவிட்டு அச்சுரங்களின் அளவுகளைக் கணக்கிட வேண்டியிருந்தது எதனால்? பழைய பாணர்கள் தம் விரலில் வைத்திருந்த அறிவு ஏட்டில் ஏறாமற் போனதனால். குடுமியான்மலைக் குன்றில் சுரங்களைக் கல்லிலே வெட்டி வைத்தனர். அவற்றை ஒலித்த நரம்பின் அளவை ஒருவரும் வெட்டி வைக்கவில்லை.

அந்தக் குறையை நீக்குவது இன்று மிக எளிது. தந்தியின் பருமன் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. வீணையோ, வயலினோ, கிதாரோ பயிலும் மாணவர்கள் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எந்தத் தந்தியை மாற்றினீர்கள், அது என்ன உலோகம், என்ன பருமன், எந்தச் சுருதிக்கு ஏற்றினீர்கள், எத்தனை நாள் உழைத்தது, எந்த இடத்தில் அறுந்தது என்று எழுதுங்கள். உங்கள் ஆசிரியரின் கருவியில் இருக்கும் தந்திகளின் அளவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓராண்டில் அது இரண்டு பக்கம்கூட வராது. ஆனால், உங்கள் காலத்து நாதம் எத்தகையது என்று பின்னால் வருகின்ற ஒருவர் கேட்கும்போது, அந்த இரண்டு பக்கம் அவருக்கு விடை கூறும்.