வந்துபோவோரும் வாழ்வோரும்: ராத்சே நகரின் கதை

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். பிரிந்து சென்றவனை எண்ணிக் கடற்கரையில் ஒருத்தி வருந்துவதே அங்கு நாம் காணும் காட்சி. ஓர் ஊரே அவ்வாறு இரங்கி நிற்க முடியுமா? ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்தில், பியூட் தீவில் உள்ள ராத்சே என்னும் சிற்றூரின் வரலாற்றைப் படித்தபோது அந்தக் கேள்வி எழுந்தது. உல்லாசக் கடற்கரை நகரங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அங்கு வந்துபோவோரைப் பற்றியே எழுதுகின்றனர். அவர்கள் போன பிறகும் அங்கேயே வாழ்வோரின் கதையை இங்கே பார்ப்போம்.

ராத்சே நேற்று முளைத்த ஊரன்று. ஊரின் நடுவே அகழி சூழ நிற்கும் கோட்டை வட்ட வடிவ மதிலால் பெயர்பெற்றது. 1230ஆம் ஆண்டில் நார்வே வீரர்கள் அதை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். ஸ்காட்லாந்து மன்னரின் மூத்த மகனுக்கு ‘ராத்சே கோமகன்’ என்ற பட்டம் 1398 முதல் வழங்கி வருகிறது. 2022 முதல் அப்பட்டத்தைத் தாங்குபவர் இளவரசர் வில்லியம். 1401இல் மூன்றாம் ராபர்ட் மன்னர் இவ்வூருக்கு அரச நகர உரிமை அளித்தார். அதன்பின் இவ்வூர் மக்கள் ஹெர்ரிங் மீன்பிடித்தும், 1779 முதல் பருத்தி ஆலைகளில் உழைத்தும் வாழ்ந்தனர். அதாவது, விருந்தினரை நம்பாமலேயே வாழத் தெரிந்த ஊர் அது.

அந்த நிலையை மாற்றியது நீராவி. 1812இல் ஹென்றி பெல் என்பவர் ‘காமெட்’ என்ற நீராவிப் படகைக் கிளைடு ஆற்றில் ஓடவிட்டார். ஆற்றுமுகத்தின் மறுகரையான ஹெலன்ஸ்பரோவில் அவர் குடும்பத்துக்கு ஒரு குளியல் விடுதி இருந்தது. அதற்கு ஆள் வரவேண்டும் என்பது அவர் கவலை. ஆக, விடுதிக்காரர் ஒருவரின் தேவையும் அந்தப் படகின் பிறப்பில் கலந்திருந்தது! அதுவரை காற்றை நம்பிப் பாய்மரத்தில் சென்றவர்கள், இனி நேரம் குறித்துப் பயணம் செய்யலாயினர். கிளாஸ்கோ நகரின் புகையிலிருந்து கடற்காற்றுக்குப் போவது சில மணி நேரக் காரியமாயிற்று. முதலில் வந்தவர்கள் செல்வர்கள். கரையோரத்தில் மாளிகைகள் எழுந்தன. 1843இல் நீர்ச்சிகிச்சை விடுதி ஒன்றும் தோன்றியது. பின்னர் வந்தவர்கள் தொழிலாளர்கள்.

ஜூலை மாதத்தின் பிற்பகுதியில் கிளாஸ்கோவில் ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் ஒருசேர மூடப்படும். ‘கிளாஸ்கோ சந்தை விடுமுறை’ என்பது அதன் பெயர். ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938இல்தான் வந்தது. அதற்கு முன்பு பலருக்கு விடுமுறை வாரம் என்றால் கூலியில்லாத வாரம். ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசைக் கொண்டே குடும்பத்தோடு கப்பலேறினர். அவர்களுக்கு இடம் தந்தவர்கள் ராத்சேயின் இல்லத்தரசிகள். கோடை வந்தால் கடலைப் பார்த்த நல்ல அறைகள் விருந்தினருக்கு. வீட்டுக்காரர்கள் அடுக்களையிலோ பின்கட்டிலோ ஒடுங்கிக்கொள்வர். சொந்த வீட்டில் விருந்தாளிபோல் ஒதுங்கி வாழ்ந்த அந்தச் சில வாரங்களே மற்ற மாதங்களுக்குச் சோறு போட்டன. குளிர்காலத்தில் கடைகளில் பாதி அடைபட்டு, மழையும் காற்றும் மட்டுமே துறைமுகத்துக்கு வந்துபோகும். ஒரு கோடை முழுதும் மழை பெய்து கெட்டால், அடுத்த கோடைவரை கடன்தான்.

இத்தனைக்கும் அவ்வூரார் கைகட்டி நிற்கவில்லை. மூன்று ரயில் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கப்பல் விட்ட காலத்தில், 1882இல் குதிரை டிராமும் 1902இல் மின்சார டிராமும் ஓடின. 1899இல் துறைமுகத்தில் கட்டிய பொதுக் கழிப்பறைகூடப் பளிங்கும் வண்ண ஓடுகளும் செம்புக் குழாய்களுமாக அரண்மனைக் களையோடு விளங்கியது. விருந்தினரை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1924இல் வார்ப்பிரும்பும் கண்ணாடியும் கொண்ட ‘குளிர்காலப் பூங்கா’ அரங்கும், 1938இல் ஜேம்ஸ் காரிக் வடிவமைத்த ‘பெவிலியன்’ அரங்கும் எழுந்தன. இவ்விரண்டையும் எழுப்பியது அச்சிற்றூரின் நகரவையே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1960களில் விமானம் குறைந்த கட்டணத்தில் ஸ்பெயின் நாட்டின் வெயிலுக்கே மக்களை அழைத்துச் சென்றது. கிளைடின் மழைக்கு யார் வருவார்? கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1946இல் நீரில் இறங்கிய ‘வேவர்லி’ என்னும் துடுப்புச் சக்கரக் கப்பலை 1974இல் ஒரே ஒரு பவுனுக்கு ஆர்வலர் சங்கத்திடம் கொடுத்துவிட்டனர். மறு ஆண்டு, 1975இல், உள்ளாட்சிச் சீர்திருத்தம் ராத்சேயின் நகரவையையும் கலைத்தது. விருந்தினர் குறைந்துபோன அதே பத்தாண்டில், அவர்களை வரவேற்கத் தானே முடிவெடுக்கும் உரிமையையும் ஊர் இழந்தது. இந்த இரண்டாம் இழப்பே பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது. முதல் இழப்பு காலத்தின் செயல். அதற்கு மருந்து தேடும் கையையே இரண்டாவது பறித்தது. 2011 கணக்கெடுப்பின்படி தீவு முழுவதிலும் வாழ்ந்தோர் 6,498 பேர்தாம். பெவிலியன் அரங்கு சீரமைப்புக்காக 2015இல் மூடப்பட்டது. பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது.

ஆனால் கதை இரங்கலோடு முடியவில்லை. அதே 2015ஆம் ஆண்டு டிசம்பரில், சிரியப் போரில் வீடிழந்த குடும்பங்கள் வீம்ஸ் பே துறையிலிருந்து சுமார் 35 நிமிடக் கடற்பயணத்தில் ராத்சே வந்திறங்கின. ஆள் குறைந்த ஊரில் காலி வீடுகள் இருந்தன. சிலர் பின்னர் பெருநகரங்களுக்குச் சென்றனர். சிலர் தங்கி, ரொட்டிக்கடையும் முடிதிருத்தகமும் தொடங்கினர். வந்திறங்கியது கோடையில் அன்று, கடுங்குளிரில். விடுமுறைக்கு அன்று, வாழ்வதற்கு.

இருநூறு ஆண்டுகளாக அவ்வூர் கற்ற கலை, வருவோருக்கு அறையை ஒழித்துக் கொடுப்பது. அந்தக் கலை கடைசியில் யாருக்குப் பயன்பட்டது என்று எண்ணும்போது, கடற்கரையில் காத்திருத்தல் வீண்போவதில்லை என்றே தோன்றுகிறது.