பெயர் எழுதிய பரிசு

துணிக்கடையில் திருமணத்திற்குச் சேலை எடுத்து வெளியே வரும்போது கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதில் கடையின் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கும். சேலையின் விலையைச் சில மாதங்களில் மறந்துவிடுவோம். பையோ ஆண்டுக்கணக்கில் நம்மோடு வரும். அரிசி வாங்க, மருத்துவமனைக்குச் சோறு கொண்டுபோக, நிலப்பத்திரத்தை நீதிமன்றத்திற்கு எடுத்துச் செல்ல, எல்லாவற்றிற்கும் அதுவே. இடையில் பிளாஸ்டிக் வந்து அதை நாட்டுப்புறத்தாரின் அடையாளமாக்கிக் கேலிக்குள்ளாக்கிற்று. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தமிழக அரசே இயக்கம் தொடங்க வேண்டியதாயிற்று.

அந்தப் பையோடு கடைக்காரரின் விளம்பரத்தையும் நாம் கூலியின்றிச் சுமந்தோம். அது நமக்குச் சுமையாகத் தோன்றியதேயில்லை.

இவ்வழக்கம் தொழிலாக வளர்ந்த கதையைத் தேடினால், அங்கும் ஒரு பைதான் நம்மை எதிர்கொள்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொஷாக்டன் என்னும் சிற்றூர். அங்கே செய்தித்தாள் நடத்திவந்தவர் ஜாஸ்பர் மீக். சிற்றூர்ப் பத்திரிகையின் அச்சுப்பொறி எந்நேரமும் ஓடுவதில்லை. ஓடாத பொறிக்கும் செலவு உண்டு. பள்ளிப்பிள்ளை ஒன்று தெருவில் புத்தகங்களை நழுவவிட்டதைக் கண்டு அவருக்கு ஒரு யோசனை பிறந்தது என்பார்கள். 1886ஆம் ஆண்டளவில், காண்ட்வெல் காலணிகளை வாங்குங்கள் என்று சணல் பைகளில் அச்சிட்டு, அந்தக் காலணிக் கடைக்காரருக்கு அவர் விற்றார். கடைக்காரர் அவற்றைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். பிள்ளைக்குப் பை, கடைக்கு ஊரெங்கும் பெயர், அச்சகத்திற்கு வேலை. வணிகர் பெயர் தாங்கிய நாட்காட்டிகள் அதற்கு முன்பே இருந்தன என்றாலும், கொடுப்பதற்கென்றே பொருள் செய்து விற்பதை ஒரு தொழிலாக்கியதில் இவ்வூருக்குப் பெரும் பங்குண்டு.

அதே ஊரில் போட்டிப் பத்திரிகை நடத்திய ஹென்றி பீச்சும் சும்மா இருக்கவில்லை. குதிரைக்குப் போர்த்தும் துணியிலும் விளம்பரம் ஏறியது. 1901இல் இருவரின் நிறுவனங்களும் ஒன்றாயின. நெடுநாள் ஆகுமுன்னே பிரிந்தும் போயின. பின்னர் தகரத்தில் வண்ணப்படம் அச்சிடும் தொழில் அங்கே செழித்தது. கொக்கோ கோலா தட்டுகள் பல அவ்வூரில் அச்சானவையே.

பையையும் தட்டையும் பற்றி எவரும் வழக்காடவில்லை. மருத்துவரின் சட்டைப்பையில் மருந்து நிறுவனத்தின் பெயர் பொறித்த பேனா ஏறியபோதுதான் கேள்வி எழுந்தது. ஒரு பேனாவுக்காக மருத்துவர் மனம் மாறுவாரா என்று நாமும் சிரித்திருப்போம். ஆனால் அமெரிக்க மருந்து நிறுவனங்களின் சங்கமே, பேனா, குவளை போன்றவற்றை வழங்கலாகாது என்று தன் நடத்தை விதியில் எழுதி, 2009 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. பயனற்ற பொருளைக் கொடுப்பதை நிறுத்த விதி எதற்கு? அதே ஆண்டு டிசம்பரில் இந்திய மருத்துவக் கழகமும், மருத்துவர்கள் மருந்து நிறுவனங்களிடம் பரிசு பெறுவதைத் தடை செய்தது. அத்தகைய பரிசுகளின் செலவை நிறுவனங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள இயலாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்செலவு மருந்தின் விலையில் ஏறுகிறது என்பதையும் அது சுட்டிக்காட்டியது. பரிசைப் பெறுபவர் மருத்துவர். அதற்கு விலை கொடுப்பவரோ, யார் பெற்றார் என்றே அறியாத நோயாளி.

நம் இல்லங்களுக்குள் மிக ஆழமாக நுழைந்த பரிசு நாட்காட்டிதான். ஆடிப் பெருக்கன்று சிவகாசி அச்சகத்தார் அடுத்த ஆண்டுக்கான மாதிரித் தொகுப்புகளை வெளியிடுவது வழக்கம். வணிகர் தேர்ந்த படத்தின் கீழே அவர் பெயர் ஏறும். எந்தச் சமயத்தவராயினும், நம்மவர்க்கென்று திரு இருதய ஆண்டவரையோ வேளாங்கண்ணி அன்னையையோ அவர் எடுத்துவைத்திருப்பார். ஆண்டு முடிந்து தாள்கள் தீர்ந்த பின்னும் படத்தை எறிய நமக்கு மனம் வராது. கீழ்ப்பகுதியைக் கத்தரித்துவிட்டுச் சட்டமிட்டு மாட்டுவோம். நாமும் அப்படிச் செய்தவர்களே.

ஒருமுறை ஒரு பழைய வீட்டில் திரு இருதயப் படம் மளிகைக்கடைப் பெயரோடு அப்படியே சட்டமிடப்பட்டு, முன்னே விளக்கெரியக் கண்டோம். ஏன் வெட்டவில்லை என்று அவ்வீட்டு மூதாட்டியிடம் கேட்டோம்.

“கொடுத்தவர் பெயரை வெட்டலாமா?” என்றார் அவர்.

அந்தக் கடை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.