லின்ஃபீல்ட் கரைப்பாறை பிறந்த கதை

ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் வீடுகள் முடியும் இடத்தில் நிலம் செங்குத்தாக மனுக்காவ் விரிகுடாவில் இறங்குகிறது. நீர் வற்றியிருக்கும் வேளையில் லின்ஃபீல்ட் கோவ் என்ற சிறு குடாவுக்குப் போனால் பாறையைத் தொட்டே பார்க்கலாம். தடித்த மணற்கல், அதன்மேல் மெல்லிய களிக்கல், மறுபடி மணற்கல் என்று உச்சிவரை அடுக்கு. நகத்தால் சுரண்டினால் மணல் உதிர்கிறது. சென்னைப் பரங்கிமலைப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. இந்த லின்ஃபீல்ட் பாறைக்கு 2 கோடிதான்.

இது பிறந்தது ஆழ்கடலின் அடியில். சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியப் புவித்தட்டுக்கும் பசிபிக் புவித்தட்டுக்கும் நடுவிலான எல்லை நியூசிலாந்தின் ஊடாக உருவானது. பசிபிக் தட்டு அடியில் புதைய, இந்தப் பகுதி தாழ்ந்து பெரும் கடற்பள்ளமாயிற்று. மேற்கே மாபெரும் எரிமலை ஒன்று எழுந்தது. அதன் கிழக்குச் சரிவில் எஞ்சியதே இன்றைய வைட்டாக்கரே மலைத்தொடர். (ஊருக்குப் பக்கத்திலுள்ள புக்கெடாபாபா எரிமலையை இந்தக் கதையில் சேர்க்கக் கூடாது. அது மிகப் பிந்தியது, தட்டு எல்லையை விட்டு விலகி எழுந்தது.)

கரையோரம் குவிந்த மணல், நிலம் அதிரும்போதோ தன் பாரம் தாங்காமலோ சரிந்து, கலங்கல் வெள்ளமாகப் பள்ளத்துக்குள் பாய்ந்தது. தடித்த மணற்கல் அடுக்கு ஒவ்வொன்றும் அப்படி ஒரே பாய்ச்சலில் வந்து இறங்கியது. மணற்கல்லில் ஆங்காங்கே தெரியும் கருந்துணுக்குகள், அந்த வெள்ளம் அடித்துவந்த அக்காலக் காட்டின் இலைகளும் மரச் சிதைவுகளும். ஆனால் என்னை நிறுத்திவைப்பது மெல்லிய களிக்கல்தான். இரண்டு பாய்ச்சல்களுக்கு நடுவே கடல் அமைதியாக இருந்த காலம் அது. விரலளவுக் களி படியவே பல நூற்றாண்டுகள் ஆகியிருக்கும். கடலடிப் புழுக்கள் அதில் நிதானமாக வளை தோண்டி வாழ்ந்திருக்கின்றன. அந்தத் தடங்கள் இன்னும் அழியவில்லை.

பிறகு அதே தட்டுகளின் நெருக்குதல் பள்ளத்தை மேலே தூக்கியது. பனியுகம் முடிந்து, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்துக்கு ஏறியதும், அலைகள் பாறையை அரித்துச் செங்குத்தாக்கின.

தட்டுகள் இன்று மோதும் இடம் வட தீவின் கிழக்கே, ஹிக்குராங்கி அகழியில். 2016 நவம்பர் 14 அன்று தென் தீவின் கைக்கோராவில் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது, அங்குள்ள கடலடிப் பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 85 கோடி டன் வண்டல் சரிந்தது. அந்தக் கலங்கல் ஹிக்குராங்கிக் கால்வாய் வழியே 680 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, ஆழ்கடலில் ஒரு புது மணல் அடுக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.