முகம் மங்கல், பின்னணி பளிச்: காண்டாக்ஸ் ஜி பிலிம் கேமராவில் பிழை எங்கே?

மண்டப வாசலில் மணமக்கள் அருகருகே நிற்கிறார்கள். பிலிம் கழுவி வந்து பார்த்தால் இருவர் முகமும் மங்கல். பின்னால் கட்டியிருந்த வாழைமரத்தின் இலை நரம்புகளை மட்டும் எண்ணிவிடலாம். காண்டாக்ஸ் ஜி1, ஜி2 கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன ஏமாற்றம். கேமரா கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. அந்த அவசரம் தேவையில்லை.

ஜப்பானின் கியோசெரா நிறுவனம் 1994இல் ஜி1, 1996இல் ஜி2 கேமராவை வெளியிட்டது. டைட்டானியம் உடல், கார்ல் சைஸ் லென்ஸ்கள், தானே தூரத்தை அளந்து தெளிவைச் சரிசெய்யும் ஆட்டோஃபோகஸ். பிலிம் மீது மீண்டும் ஆசை வந்த இளைஞர்கள் இதைத் தேடுவதில் வியப்பில்லை. ஆனால் இது ரேஞ்ச்ஃபைண்டர் வகையைச் சேர்ந்தது. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்ப்பதால் மங்கல் உடனே கண்ணில் படும். ரேஞ்ச்ஃபைண்டரில் கண் பார்ப்பது தனி ஜன்னல் வழியாக. அதில் எல்லாமே எப்போதும் தெளிவுதான். கையால் திருகும் லைக்கா போன்றவற்றில் இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்துச் சரிபார்க்கவாவது வழி உண்டு. ஜி வரிசையில் அதுவும் இல்லை. தூரத்தைக் காட்டும் சிறிய அளவுகோலை நம்பித்தான் 36 படங்களையும் எடுக்க வேண்டும்.

கேமராவின் முகப்பில் உள்ள இரண்டு சிறு ஜன்னல்கள் நம் இரு கண்களைப் போல வேலை செய்கின்றன. இரண்டிலும் விழும் காட்சி எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒப்பிட்டுத் தூரம் கணக்கிடப்படுகிறது. பிறகு உடலுக்குள் இருக்கும் மோட்டார் ஒரு தண்டின் வழியாக லென்ஸைத் திருப்புகிறது. ஆகவே பிழை அளப்பதில் இருக்கலாம், திருப்புவதில் இருக்கலாம், லென்ஸிலேயே இருக்கலாம். ஜி2இல் இதோடு அகச்சிவப்புக் கதிரை அனுப்பி அளக்கும் முறையும் சேர்க்கப்பட்டது. மங்கிய வெளிச்சத்தில் அது ஜி1ஐவிட நிதானமாக நடந்துகொள்வதற்கு அதுவே காரணம்.

அளக்கும் பிழைதான் அதிகம். அதில் பெரும்பகுதி நாம் எதைக் குறிவைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மணமக்களின் நடுவே விழுந்த குறி இருவருக்கும் இடைப்பட்ட சந்து வழியாக வாழைமரத்தை அளந்துவிட்டது. கேமரா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. வெள்ளைச் சுவர், கோடில்லாத வேட்டி போன்றவற்றில் ஒப்பிட எதுவும் இல்லாததால் அளவு தடுமாறும். இரு ஜன்னல்களும் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் கேமராவுக்கு நெடுக்குக் கோடுகள்தான் தேவை. தோட்டத்துப் பலகை வீட்டுச் சுவரிலும் பட்டை பட்டையான ஜன்னல் கண்ணாடியிலும் படுக்கைக் கோடுகள் மட்டுமே இருக்கும்போது கேமராவைச் சற்றுச் சாய்த்து அளந்து, பூட்டி, பிறகு நேராக்க வேண்டும். நெடுக்குக் கோடு ஒரே மாதிரி அடுக்காக வந்தாலும் சிக்கல்தான். வரிசையாக நிற்கும் ரப்பர் மரங்களில் ஒரு மரத்தை இன்னொரு மரமாக எண்ணிக்கொள்ளும். அங்கே மரத்தடியில் நிற்பவரின் சட்டைக் கழுத்தைக் குறிவைப்பது பாதுகாப்பானது. கண்ணாடி வழியாகப் படமெடுக்கும்போதும் எச்சரிக்கை தேவை. இவற்றையெல்லாம்விடச் சாதாரணமான ஒன்று: இடது கை விரல் அந்த ஜன்னல்களில் ஒன்றை மூடிக்கொண்டிருப்பது.

பூட்டிய பிறகு கேமராவைத் திருப்புவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1.5 மீட்டர் தூரத்தில் ஒருவரின் கண்ணை அளந்து, படத்தின் அமைப்புக்காக 20 டிகிரி திருப்பினால் தெளிவான தளம் அவருக்குப் பின்னால் ஏறக்குறைய 9 செண்டிமீட்டர் தள்ளிப் போகிறது. 45 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2இல் முழுதாகத் திறந்திருந்தால் முன்னும் பின்னும் கிடைக்கும் தெளிவு ஆறு, ஏழு செண்டிமீட்டர்தான். கண் மங்கித்தான் போகும். ஜி2 வைத்திருப்பவர்கள் குவிய முறை ‘தொடர்’ நிலையில் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் திருப்பியவுடன் கேமரா பின்னணியை மறுபடி அளந்துகொள்ளும்.

90 மில்லிமீட்டர் சொன்னார் லென்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2 மீட்டரில், எஃப் 2.8இல், அதன் தெளிவு மொத்தமே சுமார் 8 செண்டிமீட்டர். அளவில் சிறு பிசகு வந்தாலும் படத்தில் தெரிந்துவிடும். ஜி1உடன் இதை முழுத் திறப்பில் நம்பி முகப்படம் எடுப்பது சூதாட்டம். எஃப் 8க்குக் குறுக்கினால் அதே தூரத்தில் 23 செண்டிமீட்டர் கிடைக்கிறது. மாறாக, 28 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 8இல் வைத்து, கையால் 3 மீட்டரில் நிறுத்திவிட்டால் 1.6 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு அப்பாலும் தெளிவு. திருவிழாக் கூட்டத்தில் ஆட்டோஃபோகஸை மறந்துவிட்டு இப்படி எடுப்பதே மேல்.

பழுது என்று சொல்வதற்கு முன் நெகட்டிவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். படத்தில் ஏதோ ஓரிடம் தெளிவாக இருந்தால் அது குவியப் பிழை. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுக்கம். நெகட்டிவ் தெளிவாக இருந்து கடை கொடுத்த படக்கோப்பு மட்டும் மங்கல் என்றால் குற்றவாளி ஸ்கேனர்.

அடுத்தது அளவு நாடா. இரண்டு CR2 மின்கலங்களையும் புதிதாகப் போட்டு, ஜன்னல்களை மென்துணியால் துடைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்துங்கள். பிலிம் இருக்கும் தளத்திலிருந்து 1, 2, 3 மீட்டரில் எழுத்து நிறைந்த செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, காட்டும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முறையாவது செய்ய வேண்டும். இதற்குப் பிலிம் செலவே இல்லை. ஒவ்வொரு முறையும் தூரம் மாறினால் அளக்கும் பகுதியில் கோளாறு. எப்போதும் ஒரே அளவு கூடியோ குறைந்தோ வந்தால் அளவுத்திருத்தம் விலகியிருக்கிறது; பழுதுபார்ப்பவர் சரிசெய்யக்கூடியது. தூரம் சரியாகக் காட்டியும் படம் மங்கினால் சந்தேகம் லென்ஸ் பக்கமும் மோட்டார் பக்கமும் திரும்புகிறது. அப்போது வேறொரு ஜி லென்ஸை மாட்டிப் பார்க்க வேண்டும். எல்லா லென்ஸிலும் அதே பிழை என்றால் உடல். ஒன்றில் மட்டும் என்றால் அந்த லென்ஸ். அடாப்டர் வைத்து லென்ஸை டிஜிட்டல் கேமராவில் சோதிக்கவும் முடியும்.

கியோசெரா 2005இல் காண்டாக்ஸ் கேமராத் தொழிலையே கைவிட்டது. தொழிற்சாலைப் பராமரிப்புக்கு வழியில்லை, உதிரிபாகம் இன்னொரு கேமராவிலிருந்து எடுப்பதுதான். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் மட்டுமல்ல, அந்த அளவு ஜன்னல்களின் உட்புறத்திலும் பூஞ்சை படியலாம். உலர்பெட்டி வாங்குவது பழுதுச் செலவைவிடச் சிக்கனம். பழைய ஜி1 வாங்கப் போகிறவர்கள் பிலிம் அறைக்குள் பச்சை ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அது இருந்தால்தான் 21, 35 மில்லிமீட்டர் லென்ஸ்களை அந்த உடல் ஏற்கும். ஆட்டோஃபோகஸ் துல்லியத்துக்கு அது உத்தரவாதமல்ல. அதற்கு அளவு நாடாவையும் ஒரு செய்தித்தாளையும் கடைக்கே கொண்டுபோக வேண்டும்.